நரியின் வாய்க்குள் கை விட்ட காலை

மூன்று வருடத்துக்கு முன், பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கழனியில் அன்றைக்குக் கரும்பு வெட்டு. கல்வராயன் மலையிலிருந்து வெட்டாட்கள் வந்திருந்தார்கள். என் கணவர் முதல் லோடு ஏற்றிய டிராக்டரோடு ஆலைக்குப் போய்விட்டார். ஆட்களுக்கு டீ கொடுக்க நான் தூக்குவாளியோடு கழனிக்குப் போனேன்.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் கின்னிக்கோழி, வான்கோழி, முயல், புறா என்று ஒரு கூட்டமே வளர்கிறது. எதற்கு நோய் வந்தாலும் எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும். வான்கோழி தனியாகப் போய் நின்றால் மறுநாள் அதற்குக் காய்ச்சல். முயல் புழுக்கை போடவில்லை என்றால் தீவனத்தை மாற்ற வேண்டும். சுற்று வட்டாரத்தில் யார் வீட்டுக் கோழி தலையைத் தொங்கப் போட்டாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு மோட்டார் கொட்டகை நிழலில் ஒரு நரி உட்கார்ந்திருந்தது.

கரும்புத் தோட்டத்தில் நரி இருப்பது புதிதில்லை. ஆனால் அது நம்மைப் பார்ப்பதற்கு முன்னால் நாம் அதைப் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை. வாலை மட்டும்தான் பார்ப்போம். இது ஓடவில்லை. நான் பத்தடி தூரத்துக்கு வந்த பிறகும் என்னையே பார்த்தபடி இருந்தது. எங்கள் பக்கம் காலையில் நரி முகம் பார்த்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. பக்கத்துக் கழனிக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். ஒருவர் கும்பிட்டார், ஒருவர் செல்போனில் படம் எடுத்தார். "ஒனக்கு நல்ல நேரம்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகுதான் அதன் கீழ்த்தாடை தொங்குவதைக் கவனித்தேன். எச்சில் நூல் போல வழிந்துகொண்டிருந்தது. தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். எனக்கு உடனே புரிந்துவிட்டது, அதாவது புரிந்ததாக நினைத்தேன். வாய்க்கால் ஓரத்தில் யாரோ கோழிக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். எலும்பு ஏதோ தொண்டையில் மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான். கண் தெளிவாக இருந்தது, உடம்பில் காயம் இல்லை, முடி கொட்டவில்லை. எழுந்திருக்கப் பார்த்தபோது பின்னங்கால் இரண்டும் தள்ளாடின. சாப்பிட்டு எத்தனை நாள் ஆனதோ என்று அதற்கும் ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

கொட்டகையில் தொங்கிய துண்டை எடுத்து அதன் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை வாய்க்குள் விட்டேன். அது கடிக்கவில்லை. கடிக்க முயற்சிகூடச் செய்யவில்லை. நாக்கை ஒதுக்கித் தொண்டை வரை தடவிப் பார்த்தேன். எலும்பும் இல்லை, முள்ளும் இல்லை. கையை வெளியே எடுத்துக்கொண்டு, பின்னே ஏன் இது வாயை மூட மாட்டேன் என்கிறது என்று குழம்பிப்போய் அப்படியே குந்தியிருந்தேன்.

"அக்கா, அத்த வுட்டுட்டு இந்தப் பக்கம் வாங்க."

தண்ணீர் குடிக்க வந்த வெட்டாள் ஒருத்தி. முப்பது வயதுகூட இருக்காது. அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு தள்ளியே நின்றாள். எலும்பு சிக்கியிருக்கிறது என்று பார்த்தேன், ஒன்றும் இல்லை என்றேன். அவள் என் கையைத்தான் பார்த்தாள். முந்தின நாள் கரும்பின் காய்ந்த இலையை, சோகையை, உரித்ததில் என் விரல்களிலும் முன்கையிலும் கோடு கோடாக அறுத்திருந்தது. கரும்புக்காரர்கள் கை எல்லாமே அப்படித்தான் இருக்கும். அந்தக் கோடுகளின் மேலெல்லாம் நரியின் எச்சில்.

"எங்க சின்ன மாமனாரு எங்கூட்டு நாய்க்கு இப்பிடித்தான் எலும்பு மாட்டிக்கினு இருக்குதுன்னு கைய வுட்டுப் பாத்தாரு. நாய் கடிக்கவே இல்லக்கா. ரெண்டு மாசம் கழிச்சி தண்ணியப் பாத்தா பயந்துக்கினாரு."

 மோட்டாரைப் போடச் சொன்னாள். துணி துவைக்கும் சோப்பைத் தூக்கிப் போட்டு, குழாயில் கொட்டும் தண்ணீரில் கையைக் கழுவச் சொன்னாள். போதும் போதும் என்று நான் கையை எடுக்க, இன்னும் இன்னும் என்று அவள் சொல்ல, கால் மணி நேரத்துக்கு மேல் கழுவியிருப்பேன். தண்ணீர் பட்டு எரிந்தபோதுதான் எத்தனை வெட்டு இருக்கிறது என்றே எனக்குத் தெரிந்தது.

கணவருக்குப் போன் செய்தேன். "கடிக்கல இல்ல? அப்புறம் இன்னா? நரி முகம் பாத்துட்டு அழுவுறியே" என்றார். மோட்டார் சத்தம் கேட்டுத் திரும்பி வந்த பக்கத்துக் கழனிக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். பல் படாமல் எப்படி நோய் வரும்? எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அவள் சொன்னதும் நியாயமாகப் பட்டது. யாருக்குத் தலையாட்டுவது என்று தெரியாமல் வரப்பிலேயே நின்றேன். அவள் மட்டும் மேஸ்திரியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்து, "பஸ்ஸுக்கு வாங்கக்கா, நானும் வரேன்" என்றாள். சோகைத்தூள் ஒட்டிய சட்டையோடு சங்கராபுரம் வழியாகக் கள்ளக்குறிச்சி வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எங்கே கடித்தது என்று அவர் கேட்கவேயில்லை. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெறி நோய் வந்தது எல்லாமே பாய்ஞ்சு கடிக்காதும்மா. சிலது இப்படி சாதுவா உக்காந்திருக்கும், தாடை தொங்கிடும், முழுங்க முடியாது. பாக்கறவங்களுக்கு எலும்பு சிக்கின மாதிரிதான் இருக்கும். எச்சில் காயத்துல பட்டாலே போதும்" என்றார். காட்டு மிருகம் ஆளைப் பார்த்து ஓடவில்லை என்றால் அதுவே முதல் அறிகுறி என்றும் சொன்னார். தோளில் ஓர் ஊசி. அதோடு, வெட்டு இருந்த இடமெல்லாம் சுற்றிச் சுற்றி வேறு ஊசி. பிள்ளை பெற்றபோதுகூட நான் அப்படிக் கத்தியதில்லை.

நரியைப் பரிசோதித்தால் நிச்சயமாகத் தெரியும், வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நரி செத்துப்போய், என் கணவர் நல்லெண்ணத்தில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தும் விட்டிருந்தார். எந்த இடம் என்று கேட்டால், குழி மேலேயே டிராக்டர் ஓடியிருந்ததில் அவருக்கே சரியாகக் காட்டத் தெரியவில்லை. அதற்கு வெறி நோயா, விஷமா, வேறு ஏதாவதா என்பது தெரியாமலே போய்விட்டது. கழனியில் திரியும் எங்கள் நாயும் நரியை நெருங்கியிருக்குமோ என்று அதைக் கட்டிப் போட்டு அதற்கும் ஊசி போட்டோம்.

ஊசி எல்லாத் தவணையும் தவறாமல் போட்டுக்கொண்டேன். ஆனாலும் அடுத்த மூன்று மாதம் நான் மனுஷியாக இல்லை. தலை வலித்தால் அதுவோ என்று இருக்கும். விரல் மரத்துப்போனால் அதுவோ என்று இருக்கும். காலையில் எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, எனக்குப் பயமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். பயமாகத்தான் இருக்கும். அது நோயின் பயமா, நோயை நினைத்த பயமா என்று பிரிக்கத் தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிடுவேன். தண்ணீர் இறங்கியதும் ஒரு நிம்மதி. மறுநாள் திரும்பவும் சொம்பு.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வெட்டாட்கள் அந்த வாரமே வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்தப் பெண்ணுக்கு ஒழுங்காக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. போன வருடம் மேஸ்திரியிடம் விசாரித்துக்கொண்டு மலை ஏறினேன். வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, இரண்டு மணி நேரம் அலைந்து அவளைக் கண்டுபிடித்தேன். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்கு என்ன ஆனது என்று கேட்பாள் என்று நினைத்தேன். நல்லாத்தான் நிற்கிறேனே, அதை எதற்குக் கேட்கப் போகிறாள்?

"அந்த நரிக்கு இன்னாதான்க்கா?" என்றாள்.

தெரியவில்லை என்றேன். நான் கொண்டுபோன கின்னிக்கோழி ஜோடியை அவள் வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் பிராணிகளை வளர்க்கிறேன். ஆனால் புரியாததைத் தொடுவதில்லை, மருத்துவரைக் கூப்பிட்டுவிடுகிறேன். அன்றைக்கு என் கையை அந்த வாய்க்குள் விட வைத்தது இரக்கமா, இல்லை எல்லாம் எனக்குத் தெரியும் என்ற கர்வமா என்பதுதான் எனக்கு இன்னமும் விளங்கவில்லை.