மிட்டாய்த் தாளின் சத்தம்

வானொலி நிலையத்துச் சம்பளப் பட்டியலில் அவளுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. ஆனால் கேட்கிறவர்களுக்கு அவள் டம்ளர் அக்கா. வாரம் ஒருநாள் காலையில் அறிவியல் நிகழ்ச்சி நடத்துவாள். எதைப் பற்றிப் பேசினாலும், "முதல்ல ஒரு டம்ளர் எடுத்துக்கோங்க" என்றுதான் தொடங்குவாள். காற்றழுத்தமா, டம்ளர். ஒளி வளைவதா, டம்ளர். ஒருமுறை நிலநடுக்கத்தை விளக்குவதற்குக்கூட டம்ளர் எடுக்கச் சொன்னாள் என்று கிண்டல் செய்வார்கள். அது பொய்யும் இல்லை.

அக்கா படித்தது வணிகவியல். நிலையத்துக்கு வந்தது வானிலை வாசிக்க. அறிவியல் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் வெளியூருக்கு மாற்றலாகிப் போனபோது, வேறு ஆள் கிடைக்கும்வரை இடத்தை நிரப்பச் சொல்லி அவளை உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பேராசிரியர் பேசினால் அறிவியல் நன்றாக இருக்கும். தூக்கமும் நன்றாக வரும். அக்காவுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். அதனால் தனக்குப் புரியாததை அவளால் அடுத்தவருக்குச் சொல்ல முடியவில்லை. புரியும்வரை செய்து பார்த்தாள். செய்து பார்த்ததையே நிகழ்ச்சியாக்கினாள். அவள் ஒலிபரப்பு அறையில் மைக்குக்கு முன்னால் ஒரு சோதனையைச் செய்வாள். கேட்கிறவர்கள் அதே நேரத்தில் அவரவர் வீட்டில் செய்வார்கள். அவ்வளவுதான் நிகழ்ச்சி.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணால் பார்க்க முடியாத ஒருவரை, வெறும் காதைப் பிடித்துக்கொண்டு ஒரு வேலையைச் செய்ய வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அக்காவுக்கு அதை உணர்த்தியவள் அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. முன் அறையில் தையல் இயந்திரம் போட்டு ஊருக்கே துணி தைப்பவள். ஆரம்ப நாட்களில் ஒருமுறை அக்கா பக்கத்து அறையிலிருந்து உரக்கப் படித்துப் பழகிக்கொண்டிருந்தாள்: "டம்ளர் நிறையத் தண்ணி ஊத்துங்க. மேல ஒரு அட்டையை வைங்க. அப்படியே தலைகீழாக் கவிழ்த்துங்க." முன் அறையில் 'சளக்' என்று ஒரு சத்தம். அப்புறம் ஒரு அலறல். ஓடிப் போய்ப் பார்த்தால், தைத்து முடித்த யாரோ ஒருவரின் பட்டு ரவிக்கை சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தது.

"அட்டையைக் கையால அழுத்திப் பிடிச்சுக்கணும்டி!"

"அதை நீங்க எங்க சொன்னீங்க அண்ணி? சொன்னதை மட்டும்தான் நான் செஞ்சேன்."

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. நிகழ்ச்சி நாளன்று காலை, நாத்தனார் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அக்கா வெளியே நின்று படிப்பாள். உள்ளே இருப்பவள் சொன்னதை மட்டும் செய்வாள். சொல்லாத எதையும் செத்தாலும் செய்ய மாட்டாள். அங்கே சரியாக வந்தால்தான் ஒலிபரப்பு. வராவிட்டால் எழுதியதைத் திருத்து, மறுபடி படி. இவளைப் போல ஒரு பிடிவாதக்காரி வீட்டில் இருப்பது குடும்பத்துக்குத் தலைவலிதான். வானொலிக்கோ அவள் பெரிய வரப்பிரசாதம்.

நிகழ்ச்சிக்கு இன்னொரு தூணும் உண்டு. ஒலிப்பதிவு மேசையில் இருக்கும் சத்தக்காரர். வானொலியில் நாலு நொடி சத்தம் இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் பெட்டியைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. ஆகவே சத்தமே இல்லாதவற்றுக்கெல்லாம் அவர் சத்தம் கொடுப்பார். மெழுகுவர்த்தி அணைந்தால் வாயால் 'புஸ்'. செடி வளர்கிறது என்றால் ரப்பர் கையுறையை மெல்ல முறுக்குவார். மிக லேசான எதுவாவது அசைந்தால் மிட்டாய் சுற்றியிருந்த கண்ணாடித் தாளை மைக் அருகே கசக்குவார். அக்கா விரலைத் தூக்கினால் சத்தம். அதுதான் அவர்களுக்குள் சைகை.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தது தொலைக்காட்சி. தொலைக்காட்சி என்றால் வெறும் பெட்டி இல்லை. அதில் வரும் ஒரு அறிவியல் தொடர். கடலுக்கடியில் திமிங்கலம், வானத்தில் வெடிக்கும் நட்சத்திரம், கணீரென்ற குரல், பின்னால் முழங்கும் இசை. நிலைய இயக்குநர் அக்காவை அழைத்து நயமாகத்தான் சொன்னார்.

"அந்தத் தொடரோட ஒலியை மட்டும் இலவசமாத் தர்றேங்கறாங்க. உங்க நேரத்துல அதைப் போடலாமான்னு ஒரு யோசனை. அடுத்த நிகழ்ச்சிக்கு நானே வந்து உட்கார்றேன். கேட்டுட்டு முடிவு பண்ணலாம்."

அக்காவுக்கு மறுபடி வானிலை வாசிக்கப் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த அரை மணி நேரம் அவளுடையது. வாழ்க்கையில் அவளாக வளர்த்தெடுத்தது அது ஒன்றுதான். அதைப் பறிகொடுக்க அவளுக்கு மனமில்லை.

கனத்த நெஞ்சோடு வீட்டுக்கு வந்தால், முன் அறையில் அதே தொடர் ஓடிக்கொண்டிருந்தது. நாத்தனார் தையலை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, இங்க வாங்களேன்! திமிங்கலம் எப்படிப் பாடுது பாருங்க. இதுவும் அறிவியல், உங்களுதும் அறிவியல். உங்ககிட்ட டம்ளரையும் சீப்பையும் விட்டா வேற என்ன இருக்கு?"

சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள், பாவம். வேறொரு நாளாக இருந்தால் அக்காவும் சிரித்திருப்பாள். அன்று சுருக்கென்று தைத்தது.

"என்கிட்ட ஒண்ணும் இல்லதான். இனிமே நீ சமையலறையில போய் நிக்கவும் வேண்டாம். நானே பார்த்துக்கறேன்."

"தாராளமா பார்த்துக்கோங்க. எனக்கும் தைக்க வேலை கிடக்கு."

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. நடுவில் மாட்டிக்கொண்டவர் அக்காவின் கணவர். ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "உங்க தங்கச்சிக்குக் குழம்பு வேணுமான்னு கேளுங்க" என்று ஒருத்தி, "வேணாம்னு சொல்லுங்கண்ணா" என்று இன்னொருத்தி. மனுஷன் இரண்டே நாளில் தபால்காரரைவிடக் களைத்துப்போனார். வீட்டில் இருக்க முடியாமல், ஒரு வாரமாகப் பழுதாகிக் கிடந்த வெந்நீர் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரி செய்துகொண்டு வந்தார்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் மாலையில் அக்கா தனியாகவே சோதனையைச் செய்து பார்த்தாள். மேசைமேல் துண்டு துண்டாகக் கிழித்த காகிதம். பிளாஸ்டிக் சீப்பால் தலையை வேகமாகச் சீவி, சீப்பைக் காகிதத்தின் அருகே கொண்டுபோனால், துண்டுகள் துள்ளி எழுந்து சீப்பில் ஒட்டிக்கொள்ள வேண்டும். ஒட்டிக்கொண்டன. 'இதுக்கு ஒருத்தி கதவைச் சாத்திக்கிட்டு நிக்கணுமாக்கும்' என்று மனசுக்குள் நொடித்துக்கொண்டாள்.

மறுநாள் குளிர்ந்த காலை. இயக்குநர் வருகிற நாள் என்பதால், அக்கா சரி செய்து வந்த ஹீட்டரில் வெந்நீர் பிடித்துத் தலைக்குக் குளித்து, துவட்டி, நேர்த்தியாகப் பின்னிக்கொண்டு கிளம்பினாள். சாத்தாத சமையலறைக் கதவைக் கடக்கும்போது கால் ஒரு நொடி தயங்கியது. நாத்தனாரும் குளியலறையிலிருந்து தலையைத் துவட்டியபடி வந்தாள். இருவரும் சுவரைப் பார்த்தபடி விலகிப் போனார்கள்.

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அப்பால் இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்காவின் குரலில் மட்டும் பதற்றம் தெரியவில்லை. சீப்பு எடுக்கச் சொன்னாள், காகிதம் கிழிக்கச் சொன்னாள், சீவச் சொன்னாள். பின்னலைப் பிரித்துத் தானும் பரபரவென்று சீவினாள். "இப்ப சீப்பைக் காகிதத்துக்குப் பக்கத்துல கொண்டு போங்க" என்று சொல்லிக்கொண்டே பழக்க தோஷத்தில் விரலைத் தூக்கினாள்.

சத்தக்காரர் மிட்டாய்த் தாளைக் கசக்கினார். சரசரவென்று அருமையான சத்தம். ஊரெங்கும் வானொலிப் பெட்டிகளில் காகிதங்கள் துள்ளிக் குதித்தன.

மேசைமேல் ஒரு துண்டுகூட அசையவில்லை.

அக்கா மறுபடி சீவினாள், மறுபடி நீட்டினாள். ஊகூம். செத்த எறும்புகளைப் போலக் கிடந்தன. சத்தக்காரர் எட்டிப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு கையை ஆட்டி, போகட்டும் போகட்டும் என்று சைகை காட்டினார். அவர் சொன்னதில் தப்பில்லை. வானொலிதானே, யார் பார்க்கப் போகிறார்கள்? "ஆகா, ஒட்டிக்கிச்சு பாருங்க" என்று ஒரு வரி சொன்னால் விஷயம் முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் திருப்தி.

அந்த ஒரு வரி நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல விடாமல் தடுத்தது பெரிய கொள்கை எதுவும் இல்லை. எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் அதே போலச் சீவிவிட்டு, அதே போல நீட்டிவிட்டு, எதுவும் ஒட்டாமல், 'எனக்கு மட்டும்தான் வரலை போல' என்று சீப்பைக் கீழே வைப்பாரே என்ற நினைப்புதான். அந்த நினைப்பில் தெரிந்த முகம் யாருடையது என்று அவளுக்கே தெரியும்.

"ஒரு நிமிஷம்," என்றாள் அக்கா. "இப்ப நீங்க கேட்ட சத்தம் காகிதம் இல்ல. மிட்டாய்த் தாள். என் மேசையில காகிதம் ஒட்டவே இல்ல. ஏன்னு எனக்கும் தெரியல. உங்க வீட்டுல ஒட்டிச்சா? கூப்பிட்டுச் சொல்லுங்க."

சத்தக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். தொலைபேசி அடித்தது.

முதலில் பேசியவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். "எனக்கு ஒட்டிச்சும்மா."

"எப்படி சீவினீங்க சார்?"

"சீவ எனக்குத் தலையில ஏது முடி? பூனையைப் பிடிச்சுச் சீவினேன். காகிதம் நல்லாவே ஒட்டிச்சு. பூனைதான் கோவிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

கண்ணாடிக்கு அப்பால் இயக்குநரின் தோள்கள் குலுங்கின. அடுத்து ஒரு மருந்துக்கடைப் பெண்; அவளுக்கும் ஒட்டியது. மூன்றாவது அழைப்பில், முதலில் தையல் இயந்திரம் ஓடி நிற்கும் சத்தம் கேட்டது.

"மேடம்," என்றது விறைப்பான ஒரு குரல். "நீங்க சொன்னதை மட்டும் செஞ்சேன். ஒட்டல."

குரல் யாருடையது என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். கேட்டது மட்டுமல்ல, செய்தும் பார்த்திருக்கிறாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் ஒட்டியிருக்கே. நீங்க என்ன வித்தியாசமா..." என்று கேட்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். துவட்டிக்கொண்டே வந்த உருவம் நினைவுக்கு வந்தது. கை தானாகத் தன் கூந்தலுக்குப் போனது. உள்ளே இன்னும் ஈரம்.

"தலைக்குக் குளிச்சீங்களா?"

"ஆமா. நீங்களுந்தானே குளிச்சீங்க."

"ஈரத் தலை!" என்று அக்கா கத்தியே விட்டாள். "சீவும்போது உண்டாகிற மின்சாரம் ஈரத்துல தங்காது, வழியிலேயே ஓடிப்போயிடும். காஞ்ச தலைன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னோடது."

"காலையில கதவைச் சாத்திட்டுப் படிச்சிருந்தா, வீட்டிலேயே தெரிஞ்சிருக்கும்ல அண்ணி," என்றாள் நாத்தனார். 'மேடம்' எங்கோ பறந்துவிட்டது. குரல் கொஞ்சம் உடைந்தும் இருந்தது. ஊரே கேட்டது, இருவருக்கும் அது உறைக்கவில்லை.

"தெரிஞ்சிருக்கும்," என்றாள் அக்கா. "நீ இல்லாம வந்தது என் முட்டாள்தனம்."

பிறகு சீப்பை நன்றாகத் துடைத்து, சத்தக்காரர் போட்டிருந்த கம்பளி ஸ்வெட்டரின் தோளில் வைத்து அவர் நெளிய நெளியத் தேய்த்தாள். காகிதத்தின் அருகே கொண்டுபோனாள். துண்டுகள் துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன.

"ஒட்டிக்கிச்சு. இப்ப சத்தம் எதுவும் வராது. இது சத்தமே போடாது."

சத்தக்காரரின் கை மிட்டாய்த் தாளைத் தேடிப் போய்ப் பாதியில் நின்றது. நாலு நொடிக்கு மேலேயே ஒரு சத்தமும் இல்லை. யாரும் பெட்டியைத் தட்டியதாகத் தகவல் இல்லை.

நிகழ்ச்சி முடிந்தும் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்வெட்டரைத் தேய்த்தவர்கள், நாயைச் சீவியவர்கள், மாமனாரின் தாடியைச் சீவியவர்கள். அத்தனைக்கும் நின்று காது கொடுத்த இயக்குநர் கடைசியில் அக்காவிடம் வந்தார்.

"திமிங்கலத்தைச் சாயங்காலம் போட்டுக்கலாம். காலை நேரம் உங்களோடதுதான். ஒரே ஒரு விஷயம், மிட்டாய்த் தாள் வேண்டாம்."

சத்தக்காரரின் முகம் தொங்கிப்போனது. பையில் மிச்சமிருந்த மிட்டாய்களை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

அக்கா வீடு வந்து சேர்ந்தபோது தொலைக்காட்சியில் திமிங்கலம் மறுபடி பாடிக்கொண்டிருந்தது. நாத்தனார் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. இந்தச் சத்தம் திமிங்கலமா, இல்ல அங்கயும் யாராவது எதையாவது கசக்கறாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? போய்ப் பார்த்தாதான் உண்டு."

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நாத்தனாரும் சேர்ந்து சிரித்தாள். இருவருக்கும் நடுவே தூது போகும் வேலை ஒழிந்தது என்று தெரிந்ததும், கணவர் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தார். நாத்தனார் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தாள். சமையலறைக்குள் போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அடுத்த வாரத்துக்கு என்ன எழுதியிருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "டம்ளர் எடுத்துட்டேன். படிங்க அண்ணி."