அத்தான் தேர்ந்தெடுத்த பிளேயர்

பாட்டுக் கேட்பதற்கென்று தனியாக ஒரு சின்னக் கருவி வாங்க வேண்டும் என்று நான் வாய் திறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மும்பையில், சுனாபட்டியில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. திறந்திருக்கக் கூடாது. அக்காவின் கணவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மாட்டுங்காவில் ஒரு காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் எனக்கு வேலை. ஆடியோமெட்ரி டெக்னீஷியன். ஒலி புகாத சின்ன அறைக்குள் நோயாளியை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, வெளியிலிருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்பி, எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று வரைபடம் போடுவேன். நாள் முழுக்க 'பீ, பீ'தான். கல்யாணிலிருந்து போய் வர, எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற ஸ்லோ வண்டியில் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையாது. அந்த நேரத்திலாவது மனிதக் குரலில் நாலு பாட்டுக் கேட்கலாம் என்றால் போன் விடாது. பல்லவி முடிந்து சரணம் தொடங்கும்போது டாக்டர் கூப்பிடுவார். அவர் விட்டால் கடன் வேண்டுமா என்று ஒரு பெண் கூப்பிடுவாள்.

லேடீஸ் பெட்டியின் லட்சணத்தைச் சொல்ல வேண்டியதில்லை. இயர்போன் என்று ஒன்று கண்டுபிடிக்கப்பட்ட செய்தி அங்கே இன்னும் வந்து சேரவில்லை. ஒரே வீடியோவின் ஒரே சிரிப்புச் சத்தம் பத்து போன்களிலிருந்து முன்னும் பின்னுமாக வரும். டோம்பிவிலியில் ஏறும் ஒருத்தி தினமும் காலையில் பஜனை வைப்பாள். கடவுளுக்கே காது மந்தம் என்பது அவள் எண்ணம் போலிருக்கிறது. இவர்கள் எல்லாரும் இன்னும் பத்து வருஷத்தில் என் அறைக்கு வந்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது.

"பிளேயரா? என்ன பிளேயர்?" என்றார் அத்தான். சோற்றைப் பிசைந்த கை நின்றுவிட்டது.

"சின்னதா அத்தான், தீப்பெட்டி மாதிரி. நாலு பட்டன் இருந்தாப் போதும். சேலையில குத்திக்கிட்டா வண்டியில கேட்டுக்கிட்டுப் போகலாம்லா."

"தீப்பெட்டியா? அதுக்கு நீ நெசமாவே ஒரு தீப்பெட்டிய வாங்கிக் காதுகிட்ட வச்சுக் குலுக்கலாம்." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "ஏ புள்ள, பாட்டுங்கது என்ன? தாளத்துக்குப் பின்னால, ரொம்பத் தூரத்துல, ஒரு சின்ன மணி அடிக்கும். அதக் கேக்கணும். ஒன் தீப்பெட்டியில அது செத்துப் போவும்."

அத்தான் வடாலாவில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். தகட்டை அச்சில் அடித்து வளைக்கும் மிஷின்களுக்கு நடுவே இருபத்திரண்டு வருஷம் நின்றவர். ஐந்து வருஷத்துக்கு முன்புவரை பாட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. திடீரென்று ஏதோ ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்தார். அதிலிருந்து பிடித்தது. இருப்பது ஒரு அறையும் சமையலறையும். அந்த ஒரு அறையில், அக்காவின் தையல் மிஷினை வெளி வராந்தாவுக்குத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஆம்ப்ளிஃபயர் ஒன்றும் ஆளுயர ஸ்பீக்கர் இரண்டும் வந்தன. அவர் கட்டைவிரல் தடிமனுக்கு வயர். அந்த வயரில் மின்சாரம் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தது. புது ஹெட்போன் வாங்கினால் இருநூறு மணி நேரம் சும்மா ஓடவிட்டால்தான் அது 'பழகும்' என்று, துண்டில் சுற்றி பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அக்காவின் பட்டுச்சேலைகள் ஒரு வாரம் இரவு பகலாக சங்கீதம் கேட்கும்.

படித்த முட்டாளை மன்னித்துவிடலாம். வாட்ஸப்பில் படித்தவனை என்ன செய்வது? மோருக்குக் கை நீட்டினேன். அடுத்த சனிக்கிழமை அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப் போவதாக முடிவாகிவிட்டது. முடிவு செய்ததும் அவரேதான்.

லாமிங்டன் ரோட்டில் ஒரு மாடிக் கடை. கடைக்காரன் ஏசியைக் கூட்டி வைத்து, அத்தானைப் பஞ்சு நாற்காலியில் உட்காரவைத்து, ஹெட்போனை இரண்டு கையாலும் தூக்கிக் கிரீடம் சூட்டுவதுபோல் மாட்டினான். அத்தான் கண்ணை மூடினார். தலையை மெல்ல ஆட்டினார். "ஆ... வந்துட்டு பாரு மணி" என்றார். கடைக்காரன் என்னைப் பார்த்து, "சாப் கா கான் ஹீ அலக் ஹை" என்றான், ஐயாவுடைய காதே தனி என்று. அத்தானின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை அவர் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் எனக்கு வேண்டியது இருந்தது. பின்பக்கம் கிளிப், முன்பக்கம் பட்டன்கள், கட்டைவிரல் நீளம். அதைக் காட்டச் சொன்னேன். நகைக்கடையில் ரப்பர் வளையல் கேட்டவளைப் போல் கடைக்காரன் என்னைப் பார்த்தான். அத்தான் அவனிடம் ஹிந்தியில் விளக்கினார்: "இவள் ஆஸ்பத்திரியில் பீ பீ என்று சத்தம் வைக்கிறவள். இவளுக்கு சங்கீதம் என்ன தெரியும்?"

காதைப் பற்றி அந்த அறையில் ஏதாவது தெரிந்த ஒரே ஆள் நான். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு கடைக்காரன் என்னைக் கேவலமாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக, அத்தான் காட்டியதையே வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கோழைத்தனத்துக்கு இன்றைக்கும் என்னிடம் சமாதானம் இல்லை.

அது பிளேயர் இல்லை, செங்கல். தோல் உறை வேறு. காலையில் கல்யாணில் ஸ்விட்சைப் போட்டால் அடுத்த ஸ்டேஷன் தாகுர்லி தாண்டித்தான் விழிக்கும். பாட்டை மாற்ற வேண்டுமென்றால் வெளியே எடுத்துத் திரையைப் பார்த்துத் தடவ வேண்டும். ஒரு கை மேலே கம்பியிலும் இன்னொரு கை பையிலும் இருக்கிறவள் எந்தக் கையால் தடவுவாள்? ஓரத்தில் சத்தம் கூட்டுகிற திருகு ஒன்று. டிபன் டப்பாவில் உரசி அது தானாகவே திரும்பிக்கொள்ளும். ஒருநாள் தானே ஸ்டேஷனில் கூட்டம் ஏறியபோது என் காதுக்குள் வெடி வெடித்தது. காதைக் காப்பாற்றச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தேவையா? பாதி வழியில் முலுண்டு வரும்போது பாட்டரி தீர்ந்துவிடும்.

அதைவிடப் பெரிய கூத்து, அத்தான் அதில் ஏற்றிக் கொடுத்தவை. பாட்டு இல்லை. கருவியைச் சோதிக்கிற சத்தங்கள். ஒன்றில் மழை பெய்தது. ஒன்றில் யாரோ ஒரு வெள்ளைக்காரி தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்தாள். ஒன்றில் கண்ணாடி டம்ளர்கள் உடைந்தன. "ஒவ்வொரு சில்லும் தனித்தனியா விழும் பாரு" என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு ஃபைலும் யானை மாதிரி. மிச்ச இடத்தில் என் பாட்டு நாற்பதுகூடக் கொள்ளவில்லை. ஒரு மாதம் நான் கண்ணாடி உடைவதைக் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போனேன்.

பிறகு தனியாகக் கடைக்குப் போனேன். செங்கல்லைத் திருப்பிக் கொடுத்து, நஷ்டத்தை விழுங்கிக்கொண்டு, அந்தக் கட்டைவிரலை வாங்கினேன். அதே கடைக்காரன். கொஞ்சமும் கூச்சமில்லாமல், "மேடம் கா சாய்ஸ் ஏக்தம் பெர்ஃபெக்ட்" என்றான், மேடம் எடுத்ததுதான் ரொம்பச் சரி என்று. இவனுக்குப் பயந்தா அந்தச் செங்கல்லை வாங்கினேன் என்று என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

கட்டைவிரல் நன்றாகவே பாடியது. சேலையில் குத்திக்கொண்டால் கனம் தெரியாது. எது அடுத்த பாட்டு, எது நிறுத்தம் என்று விரலுக்கே தெரிந்தது. அதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதுதான் அதன் பெருமை.

தீபாவளிக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது அதைக் கழற்ற மறந்துவிட்டேன். அத்தானின் கண் நேராக அங்கேதான் போனது.

"என்னது அது? நான் பாத்து எடுத்துத் தந்தது எங்க?"

"குடுத்துட்டேன் அத்தான். பையில பாதி எடம் அதுக்கே போயிருது."

"குடுத்துட்டியா?" குரல் தெருவுக்குக் கேட்டது. "ஒனக்குக் காதுன்னு ஒண்ணு இருக்கா புள்ள? இந்த டப்பாவுல மணி கேக்குமா?"

அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "விடுங்களேன், நல்ல நாளும் அதுவுமா" என்றாள். எனக்கு ஐந்து வருஷத்து வயிற்றெரிச்சல்.

"யாருக்குக் காது இருக்குன்னு ஒருநா கிளினிக்குக்கு வாங்க அத்தான், பாத்துருவோம்" என்றேன்.

"வாரேன். எனக்கென்ன பயம்?"

வந்தார். அடுத்த சனிக்கிழமை, தேய்த்த சட்டை போட்டு, தலையில் தண்ணீர் தொட்டுச் சீவி, பரிசு வாங்க வருகிறவர் மாதிரி. உள்ளே உட்காரவைத்து, சத்தம் கேட்டால் கையிலுள்ள பட்டனை அமுக்கச் சொல்லி, கதவைச் சாத்தினேன். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தாழ்ந்த ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தன. இரண்டாயிரம் ஹெர்ட்ஸில் கொஞ்சம் தயங்கினார். மூவாயிரத்தில் சத்தத்தைக் கூட்ட வேண்டியிருந்தது. நாலாயிரம் வைத்தேன். பட்டன் அமுங்கவில்லை. கூட்டினேன். இன்னும் கூட்டினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார், நான் இன்னும் எதுவும் அனுப்பவில்லை என்ற நினைப்பில். எதிர்த்த வீட்டில் கதவு தட்டுவதுபோல் நமக்கெல்லாம் கேட்கிற அளவுக்குக் கூட்டிய பிறகுதான் அமுக்கினார். அடுத்த காதும் அப்படியே. நடுவில் நான் எதையுமே அனுப்பாதபோது, என் தோள் அசைவதைப் பார்த்து இரண்டு தடவை அமுக்கினார். ஏமாற்றுகிறார் என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு குளிர்ந்த சந்தோஷம் ஓடியது. அதை மறைப்பதில் பிரயோஜனம் இல்லை. நன்றாகவே இருந்தது.

வெளியே வந்ததும் வரைபடத்தை அவர் முன்னால் வைத்தேன். நாலாயிரத்தில் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. வருஷக்கணக்காக மிஷின் சத்தத்தில் நிற்கிறவர்களுக்கு விழுகிற அதே பள்ளம்.

"இந்த எடத்துலதான் அத்தான் ஒங்க மணி இருக்கு. அது ஒங்களுக்குக் கேக்காது. கேட்டிருக்கவும் செய்யாது. கடையில, வீட்டுல, எங்கயும்."

நான் எதிர்பார்த்தது கோபம். மிஷின் சரியில்லை என்பார், என் கை சரியில்லை என்பார் என்று பதிலோடு தயாராக இருந்தேன். அவர் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தின் மேல் விரலை வைத்தார்.

"அப்ப ரேடியோ கெட்டுப்போவலையா?" என்றார்.

"எந்த ரேடியோ?"

"வீட்டுல இருந்துச்சுல்லா, பழைய ரேடியோ. அஞ்சு வருசத்துக்கு முன்னால ஒருநாள் வச்சேன். பாட்டு மங்கலாக் கேட்டுச்சு, கம்பளியப் போட்டு மூடுன மாதிரி. செட்டுதான் போயிட்டுன்னு புதுசு வாங்கினேன். அதுலயும் அப்படித்தான். வயர மாத்துன்னாங்க. மாத்தினேன். எதுலயும் வரல புள்ள. சின்ன வயசுல கேட்ட மணி எதுலயும் வரல. குழுவுல எல்லாரும் கேக்குது, கேக்குதுன்னு சொன்னாங்க. நானும் கேக்குதுன்னு சொல்லிட்டேன்."

காகிதத்தை என் பக்கம் தள்ளி, "அக்காகிட்ட சொல்லாதே" என்றார்.

ஐந்து வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மனிதருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். இந்தக் காலத்துப் பாடகர்கள் வாய்க்குள்ளேயே பாடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது சிரித்தேன். டிவி சத்தம் தெருமுனை வரை வந்தபோது எரிச்சல்பட்டேன். பேசுகிறவர் பக்கம் அவர் தலையைச் சாய்ப்பதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். இதில் ஏதாவது ஒன்றை முன்பின் தெரியாத நோயாளி செய்திருந்தால், வாசலிலேயே கண்டுபிடித்து டாக்டரிடம் சொல்லியிருப்பேன். அதற்குத்தான் சம்பளம். சொந்த அத்தானை ஏளனம் செய்வதில் மும்முரமாக இருந்ததால் அவரைப் பார்க்க எனக்கு நேரம் இல்லை. அன்றைக்கு டோம்பிவிலி பஜனைக்காரிகூட என்னைவிட மேலான பிறவியாகத் தோன்றினாள்.

டாக்டர் பார்த்தார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். அவர் எழுதிக் கொடுத்த கடிதத்தை வைத்து அத்தான் மிஷின் சத்தம் இல்லாத ஸ்டோர்ஸ் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டார். அக்காவிடம் அவரே சொன்னார். அவள் என்னிடம் போனில், "எனக்கு எப்பவோ தெரியும்டி. சொன்னா வெசனப்படுவாகன்னு விட்டுட்டேன்" என்றாள். தெரிந்திருந்தும் தையல் மிஷினை வராந்தாவில் வைத்துத் தைத்தவள்.

இதனால் அத்தான் திருந்திவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். காதுக்குக் கருவி வைத்துக்கொண்டார். இரண்டாவது மாதமே அதைப் பற்றி ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்துவிட்டார். இத்தனை சேனல், அந்தக் கம்பெனி பாட்டரி, இந்தக் கம்பெனி டியூப் என்று எங்கள் கிளினிக்கின் காத்திருப்பு அறையிலேயே உட்கார்ந்து, டாக்டரைப் பார்க்க வந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். போன வாரம் ஒரு மராத்திக் கிழவர் அவர் பேச்சைக் கேட்டு, டாக்டர் சொன்ன கருவி வேண்டாம் என்று எழுந்து போய்விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே வந்து, "அத்தான், சும்மா இருக்க மாட்டியளா?" என்றேன்.

அவர் காதில் கையை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"ஏன் புள்ள கத்துதே? மெள்ளப் பேசு. எப்பவுமே நீ இப்படித்தான் கத்திப் பேசுவியா?"

எத்தனை வருஷமாக அவரிடம் அப்படிப் பேசி வந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. குரலைத் தாழ்த்தி, டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். சர்க்கரை கம்மியாக என்றார்.