இறக்கைக்குள் வேலை

மூச்சை முழுக்க வெளியே விட்ட பிறகுதான் அவர் இறக்கைக்குள் நுழைவார். முதலில் வலது கை, பிறகு தலை, அப்புறம் உடம்பைச் சாய்த்து இடது தோள். முறம் அளவே உள்ள அந்தத் துவாரத்தில் ஐம்பது வயதுப் பெண் ஒருவர் மறைந்துபோவதைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் வாய் பிளப்பார்கள். உள்ளிருந்து குரல் வரும்: “வேடிக்க பாத்தது போதும், வெளக்கக் குடுங்க.”

விமானத்தின் எரிபொருள் இறக்கைக்குள்தான் நிற்கிறது. தனித் தொட்டி கிடையாது. தகடும் தகடும் சேரும் விளிம்புகளிலும் ஒவ்வொரு ஆணித் தலையிலும் பசை பூசிக் கசிவை அடைப்பது அவர் வேலை. விமானம் கட்டும் அந்தக் கொட்டகை முழுவதற்கும் அவர் பசையக்கா.

அங்கே இப்போது மூன்று வகை விமானங்கள் உருவாகின்றன. ராணுவச் சரக்கு விமானத்தின் இறக்கை அவருக்கு “கல்யாண மண்டபம்”. கடல் கண்காணிப்பு விமானம் “கால நீட்டினா அடுப்புல இடிக்கிற வாடக வீடு”. ஆளில்லா விமானத்துக்குள் அவருடைய கை மட்டும்தான் போகும். தோள்வரை நுழைத்து, கன்னத்தைத் தகட்டில் அழுத்தி, கூரையைப் பார்த்தபடியே விரலால் தடவிப் பூசுவார்.

“ஆளே இல்லாத விமானத்துக்கு எதுக்கக்கா இவ்வளவு மெனக்கெடுறீங்க?” என்றார் ஒரு பொறியாளர்.

“மேலதான ஆளில்ல? கீழ நாமல்லாம் இருக்கோமேய்யா.”

வீட்டிலும் கை சும்மா இராது. ஜன்னல் விளிம்பு, குழாய் மூட்டு, எதைக் கண்டாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பார். கல்லூரியில் படிக்கும் மகள் நகப்பூச்சு பூசிய அன்று ஐந்து விரலிலும் அம்மாவின் நகம் பதிந்தது. “காயலன்னு அப்பவே சொன்னேன்ல?” என்றார் அம்மா. அந்த வீட்டில் சம்பளம் வாங்குவது அவர் ஒருவர்தான்.

போன வாரம், கடல் கண்காணிப்பு விமானம் முதன்முதலாகப் பறக்கவேண்டிய நாளுக்கு முந்தைய நாள் மதியம். எரிபொருள் நிரப்ப அவர் கையெழுத்து வேண்டும். பசை குழைக்கும்போதெல்லாம் அதில் ஒரு சொட்டைச் சிறு தட்டில் வைத்து இறக்கைக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுவது வழக்கம். தட்டில் உள்ளது இறுகினால் உள்ளே உள்ளதும் இறுகிவிட்டது என்று கணக்கு. மேலாளர் அந்தத் தட்டோடு வந்தார்.

“கல்லு மாதிரி இருக்கு பாருங்கக்கா. கையெழுத்துப் போடுங்க.”

“இது எங்க இருந்துச்சு சார்?”

“என் மேசையில. யாராவது தட்டி விட்டுடுவாங்கன்னு பத்திரமா எடுத்து வச்சேன்.”

“ஹீட்டர் பக்கத்துலயா?”

மேலாளர் தட்டை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். கொட்டகையில் எல்லோரும் கம்பளிச் சட்டையில் இருந்தார்கள்.

“தட்டு உங்க ரூம்ல குளிர்காஞ்சிருக்கு. இறக்க இங்க குளிர்ல வெறைக்குது. இப்பதான் உள்ள போய்ப் பாத்தேன், மூலையில இன்னும் நகம் எறங்குது. தட்டா சார் நாளைக்குப் பறக்கப் போகுது?”

“பெரியவங்க எல்லாரும் வராங்கக்கா. தேதிய மாத்த முடியாது.”

“பசைக்கு அது தெரியலையே. இன்னும் ரெண்டு நாள் வேணும்.”

மேலாளர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த மாசம் உங்க ஒப்பந்தம் என் மேசைக்குத்தான் வருது. ஞாபகம் இருக்கட்டும்.”

“அதையும் ஹீட்டர் பக்கத்துல வச்சிடாதீங்க சார்.”

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

“நீங்க போடலன்னா வேற ஆள் போடுவாங்க.”

“தாராளமா. உள்ள போயி மூலையத் தொட்டுப் பாத்துட்டுப் போடச் சொல்லுங்க.”

கையெழுத்துப் போடும் தகுதியுள்ள மற்ற இருவரும் தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

வெளியே எரிபொருள் வண்டி பின்னோக்கி வரும் ஓசை கேட்டது. அவர் துவாரத்தின் வாயில் ‘எரிபொருள் நிரப்பாதே’ என்ற சிவப்பு அட்டையைக் கட்டினார். எரிபொருள் ஊற்ற இறக்கைக்கு ஏறும் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடியை மேல்படியில் வைத்தார். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஆள் ஏணியருகே தயங்கி நின்றான். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது.

அவர் சற்று நகர்ந்து, படியின் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.