மூத்தவன் வைக்க வேண்டிய கொள்ளி

என் கொழுந்தனார் மாட்டு வண்டியில் வந்து இறங்கிய அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து ஜனங்கள் தங்கள் லய வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை ஒட்டிய தகரக் கூரை வீடு எங்களுடையது. என் கணவர் அங்கே ஆராதனை நடத்தும் உபதேசியார். பதுளைக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு அவர்தான் மூத்த மகன். மிஷன் பள்ளியில் படிக்கும்போது ஞானஸ்நானம் பெற்றார். அதிலிருந்து அந்த வீட்டில் அவருக்கு இலை போடுவதில்லை. எங்கள் கல்யாணத்துக்கும் யாரும் வரவில்லை. குழந்தை பிறந்ததைச் சொல்லி அனுப்பியும் பதில் இல்லை. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து இப்போது ஒரு மூட்டை அரிசியும் பட்டுச் சேலையும் எதற்காக வர வேண்டும்?

கற்பூர வாசனை இருக்கிறதா என்று சேலையை முகர்ந்து பார்த்தேன். ஓலைப்பெட்டியில் வெல்ல உருண்டைகள் இருந்தன. இது படைத்ததா, படைக்காததா என்று கேட்டேன். எங்கள் சபைப் பெண்கள் எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் கேட்ட பிறகு, வந்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்றுகூட இன்னும் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"சாமிக்குக் காட்டல அண்ணி," என்றார் கொழுந்தனார். "வழியில எறும்புக்குத்தான் காட்டியிருக்கோம்."

என் கணவர் வாய்விட்டுச் சிரித்தார். தோட்டத்தில் யாரோடும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு கொழுந்தனார் மடியிலிருந்து ஒரு தங்க அரைஞாணை எடுத்து, குழந்தையைத் தூக்கித் தானே இடுப்பில் பூட்டினார். மாமனாருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டதாம், கண் மூடுவதற்குள் பேரனைப் பார்க்க ஆசைப்படுகிறாராம். அதோடு விட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன். கிளம்பும்போது வண்டியில் கை வைத்தபடி, கடை எப்போதும் அண்ணனுடையதுதான் என்றார்.

அதுதான் என்னை உறுத்தியது. அண்ணன் ஒதுங்கியிருந்தால் கடை தம்பிக்கு வரும். அப்படியிருக்க, வலிய வந்து கூப்பிடுகிற தம்பி எந்த ஊரில் இருக்கிறார்? அதை என் கணவரிடம் சொன்னேன். அவன் நல்லவன் என்று சொல்லிவிட்டு அவர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தோட்டத்துக்கு ஜெபத்துக்குப் போய்விட்டார். அவருக்கும் ஆசை வந்துவிட்டதோ என்று நினைத்தேன். அந்த வாரம் அவர் தம் சட்டையின் கிழிசலைத் தைக்கச் சொன்னதுகூட, கடைவீதிக்குத் தயாராவதாகவே எனக்குப் பட்டது.

அவரை மட்டும் சந்தேகப்பட்டேன் என்று சொல்ல முடியாது. மழை பெய்தால் தகரத்து ஓட்டை வழியே தண்ணீர் சொட்டும். தொட்டிலை இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் மாற்றிக் கட்டுவேன். குழந்தைக்கு இருமல் விட்டபாடில்லை. கடைவீதி வீட்டில் ஓட்டுக் கூரை என்பது அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. அரைஞாணைக் கழற்றிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன். குளிப்பாட்டும்போது அதை மெதுவாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு அப்படியே விட்டேன்.

கடைசியில், மாமனாரைப் பார்க்கப் பசறை வழியாகப் பதுளைக்குப் போனோம். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் மாமனார் கட்டிலில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு புரிந்தது. குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குழந்தையை மறந்துவிட்டு மகனைப் பார்த்தார். எங்கள் ஜனங்களில் தகப்பனுக்குக் கொள்ளி வைப்பவன் மூத்தவன், தாய்க்கு இளையவன். மூத்தவன் உயிரோடு இருக்கும்போது இளையவன் வைத்தால் கடைவீதி சிரிக்கும் என்பதுதான் அவர் கவலை. கொழுந்தனார் வண்டி கட்டிக்கொண்டு வந்ததன் காரணம் அப்போது எனக்கு விளங்கியது. அவரும் அதே கடைவீதியில்தானே உட்கார்ந்து வியாபாரம் செய்ய வேண்டும்?

"ஒன்னயத் திருநீறு பூசச் சொல்லல. கோயிலுக்கு வான்னும் சொல்லல," என்றார் மாமனார். "அந்த ஒரு நா மட்டும் மொட்ட போட்டு எனக்குக் கொள்ளி வையி. கட ஒனக்கு. அப்புறம் ஒஞ் சாமியையே கும்பிட்டுக்க."

என் கணவர் வாய் திறப்பதற்குள் மாமியார் என் இடுப்பிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திருநீறு பூசுவாரோ, ஏதாவது மந்திரித்துக் கட்டுவாரோ? இங்கே நின்று கணவர் சொல்லப்போகும் பதிலைக் கேட்பதா, குழந்தைக்குப் பின்னால் போவதா? குழந்தைக்குப் பின்னால் போனேன்.

மாமியார் அடுப்படியில் உட்கார்ந்து, குழந்தையை மடியில் குப்புறப் போட்டு, அரைஞாணின் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வந்தது தெரிந்தும் நிமிரவில்லை.

"இது கெடந்தா அவன் போவாம உக்காந்துருவான் தாயி," என்றார். "அவன் உக்காரக் கூடாது. கூட்டிட்டுப் போயிரு."

மாமியார் அரைஞாணை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளையை என் கையில் கொடுத்தார். நான் திரும்பி வந்தபோது என் கணவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மாமனார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

வண்டி பசறையைத் தாண்டியது. குழந்தையின் வெறும் இடுப்பைப் பார்த்து அவராகவே பேசினார்.

"நல்ல வேள, நீயே கழட்டிட்ட."

"நான் கழட்டல. அத்ததான் கழட்டுனாங்க."

அவர் குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டார். பிறகு, தகப்பனாரிடம் தாம் சொன்னதைச் சொன்னார். கொள்ளியும் மொட்டையும் என்னால் ஆகாது, ஆண்டவரை ஒரு நாளைக்கு மட்டும் ஒதுக்கி வைக்க முடியாது, ஆனால் பாடையைத் தூக்கத் தோள் தருவேன், கடையைத் தம்பியே வைத்துக்கொள்ளட்டும் என்றாராம். அதைக் கேட்டு ஆண்டவரை ஸ்தோத்திரித்தேன். வீட்டுக்கு வந்து தொட்டிலை ஒழுகாத மூலைக்கு மாற்றிக் கட்டியபோது, அவர் உண்மையிலேயே அப்படித்தான் சொன்னாரா என்று மனம் கேட்டது. நான்தான் அந்த இடத்தில் இல்லையே.

மழைக்காலம் முடிந்த பிறகு ஆள் வந்து சொன்னான், மாமனார் போய்விட்டார் என்று. குழந்தைக்கு இருமல் என்பதால் என் கணவர் மட்டும் பதுளைக்குப் போனார். இரண்டு வேளை ஜெபத்தையும் நானே பள்ளிக்கூடத்தில் நடத்தினேன். ஜெபத்துக்கு நடுவிலும், அழுகிற சொந்தக்காரர்கள் சூழ்ந்து நின்றால் அவரால் மாட்டேன் என்று சொல்ல முடியுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் தேயிலைச் சரிவு வழியே ஏறி வந்தார். வாசலிலேயே நிறுத்தி அவர் நெற்றியைப் பார்த்தேன். காதோரம், கழுத்து, எங்காவது சாம்பல் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்து தலையைக் காட்டினார். வியர்வையில் ஒட்டிய முடி முழுசாக அப்படியே இருந்தது. கொள்ளி வைத்தவன் தலையில் முடி இருக்காது. தூரத்தில் வரும்போதே தெரிந்திருக்க வேண்டியதை விட்டுவிட்டு நான் சாம்பலைத் தேடியிருக்கிறேன்.

சட்டையைக் கழற்றினார். இடது தோளில் மூங்கில் உரசித் தோல் வழன்றிருந்தது. தேங்காய் எண்ணெய் எடுத்துத் தடவினேன். சுடுகாட்டு வாசலோடு நின்றுவிட்டாராம், கொள்ளி தம்பிதானாம். இருமல் குறைந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன்.

போன வாரம் லுணுகலைக் கடைக்குச் சாமான் ஏற்றி வந்த வண்டிக்காரர் ஓர் ஓலைப்பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். மாமியார் அனுப்பிய வெல்ல உருண்டை. "சாமிக்குக் காட்டலன்னு சொல்லச் சொன்னாங்க," என்றார்.

அன்று மாமியார் அரைஞாணைக் கழற்றியது மூத்த மகனின் விசுவாசத்துக்காகவா, தமக்குக் கொள்ளி வைக்கப்போகும் இளைய மகனுக்குக் கடை நிலைக்க வேண்டும் என்பதற்காகவா? எனக்கு இன்றுவரை தெரியாது. என் கணவரிடம் கேட்டேன். அம்மாவிடமே கேள் என்கிறார்.

பெட்டியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்த்தேன். பிறகு ஓர் உருண்டையை உடைத்துக் குழந்தையின் வாயில் வைத்தேன்.