வாசிக்காமல் விட்ட பத்தி

அந்தப் பத்தியை நான் வாசிக்காமல் விட்டது பயத்தினாலா, ஆசையினாலா? பல மாதங்களாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாட்களில் பயம் என்று தோன்றுகிறது. மகனுக்குச் சப்பாத்து மாட்டிவிடும் காலைகளில் ஆசைதான் என்று தோன்றுகிறது. இரண்டுமே இல்லை, வெறும் சோம்பல் என்று ஒருநாள் நினைத்துப் பார்த்தேன். அது பொய் என்று உடனே தெரிந்தது.

நான் பதுளை மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையின் உறுப்பினர். எந்தச் சபை என்று எழுதவில்லை. அங்கே இருக்கும் மற்றவர்கள் இதில் பெரிதாக ஒரு பிழையும் செய்யவில்லை, அதனால். பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் உள்ளே போனவள் நான். அதற்கு முன் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். அதனால் தோட்டத்தில் இன்றும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

நான் பழைய போக்குக்காரி. தேர்தலில் புதிதாக எதையும் தருவேன் என்று சொல்லவில்லை. சபை குறைவாகச் செய்தாலும் போதும், செய்வதை எல்லோர் கண் முன்னாலும் செய்யட்டும், இருக்கிற சட்டத்தை ஒழுங்காக நடத்தட்டும் என்றேன். தோட்டத்தில் காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது போல, சபையும் தன் வேலையை உரக்கச் சொல்லவேண்டும் என்று பேசினேன். பெரட்டில் யாருக்கு எந்த மலையில் வேலை என்பது இரகசியமாக இருக்க முடியாது. ஒருத்திக்கு இலகுவான மலை கிடைத்தால் மற்றவள் அங்கேயே கேட்டுவிடுவாள். அந்தப் பழைய வழக்கத்தைவிட நல்ல கண்காணிப்பு எனக்குத் தெரியாது. எதிர்த்துப் போட்டியிட்டவர்கள் என்னைப் பழைய பஞ்சாங்கம் என்றார்கள். "ஒண்ணும் குடுக்க மாட்டாங்க, வாசிச்சு மட்டும் காட்டுவாங்க" என்று ஒருவர் கூட்டத்திலேயே சொன்னார். நான் சிரித்துக்கொண்டு, ஆமாம், வாசித்துக் காட்டுவேன் என்றேன்.

சொன்னபடி செய்யவும் செய்தேன். சபையின் கூட்டறிக்கை சிங்களத்தில் வரும். அதை உட்கார்ந்து தமிழில் ஒரு கொப்பியில் எழுதுவேன். மாதம் ஒருமுறை தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, முதல் நாள் மேற்கணக்குப் பெரட்டிலும் மறுநாள் கீழ்க்கணக்குப் பெரட்டிலும் வாசிப்பேன். எங்கள் தோட்டம் இந்த இரண்டு கணக்குகளாகத்தான் பிரிந்திருக்கிறது. எங்கள் வீடு இருக்கும் லயம் கீழ்க்கணக்கில், பஸ் போகும் ரோட்டுக்குப் பக்கத்தில். மேற்கணக்குக்குப் போக முக்கால் மணி நேரம் ஏறவேண்டும். கணவர் பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறார், சனிக்கிழமைதான் வருவார். அதனால் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டே ஏறுவேன். வழுக்கி விழுந்துவிடுவேனோ, குளவி கலைந்து வருமோ, பனியில் அவனுக்குச் சளி பிடிக்குமோ என்று ஒவ்வொரு அடியிலும் நினைப்பேன். போய்ச் சேர்ந்ததும் கொழுந்து எடுக்கும் பெண்களில் யாராவது ஒருத்தி, "சபையம்மா வந்துட்டாங்க, இனி கொழுந்து தானா கூடையில விழும்" என்பாள். கங்காணி, "சுருக்கா வாசிங்க டீச்சர், மழைக்கு முன்னாடி மலைக்கு ஏறணும்" என்பார். தெருவிளக்கு, குப்பை லொறி, மயானப் பாதை எல்லாவற்றையும் ஒரு எழுத்து விடாமல் வாசிப்பேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. இப்போது அதை எழுதும்போது முகம் சுடுகிறது.

மேற்கணக்கில் ஒரு முன்பள்ளி கட்டுவதென்று முந்தைய சபைக் காலத்திலேயே முடிவாகியிருந்தது. எங்கள் சபையின் ஓர் அமர்வில் அந்த விடயம் மறுபடி வந்தது. கல், மணல் ஏற்றிய லொறி அவ்வளவு உயரம் போகாது, கீழ்க்கணக்கில் ரோட்டோரமாகக் கட்டலாம் என்று ஓர் உறுப்பினர் முன்மொழிந்தார். காரணம் பொய்யில்லை. அந்தப் பாதையை நான் மாதாமாதம் நடக்கிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். அமர்வை நடத்தும் தவிசாளர் என்னைப் பார்த்தார். அவர் சிங்களவர், எங்களோடு தமிழ் பேச முயற்சி செய்யும் நல்ல மனிதர். "நங்கி, உங்க புள்ளைக்கும் கிட்டத்தானே" என்றார், தங்கையைக் கூப்பிடுவதுபோல. எல்லோரும் அன்பாகச் சிரித்தார்கள். எங்கள் லயத்திலிருந்து அந்த இடம் ஐந்து நிமிட நடை.

எழுந்து, இதில் எனக்குச் சொந்த நன்மை இருக்கிறது, நான் ஒதுங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கவேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. வேறொரு உறுப்பினர் தன் மைத்துனரின் கடைக்குப் பக்கத்தில் வடிகான் கேட்டபோது, அப்படிச் செய்யச் சொல்லி எழுந்து நின்றவளே நான்தான். அன்று கையை உயர்த்தினேன். மகனுக்கு அடுத்த வருடம் மூன்று வயது முடியும் என்ற கணக்கு அந்த ஒரு நொடியில் என் தலைக்குள் ஓடியது. அதை மறுக்க மாட்டேன்.

கூட்டறிக்கையில் அது ஒரு சிறிய பத்தி. இடம் மாற்றம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், ஆட்சேபனை உள்ளவர்கள் அடுத்த அமர்வுக்கு முன் எழுத்தில் தரலாம் என்ற வரி. அதையும் தமிழில் எழுதினேன். நல்ல தமிழில், அடித்தல் திருத்தல் இல்லாமல். எழுதி முடித்தபின் பென்சிலால் சுற்றி ஒரு கோடு போட்டேன். இதை விளக்கிச் சொல்லவேண்டும், அவசரமாக வாசிக்கக்கூடாது என்பதற்காக என்று அப்போது நினைத்தேன். அல்லது அப்படி நினைத்ததாக இப்போது நினைக்கிறேன்.

மேற்கணக்கில் வாசித்துக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கம் வந்தபோது மகன் கொப்பியின் மேல் கையை வைத்து இழுத்தான். நான் அவன் கையை எடுத்துவிட்டு, கோட்டுக்குக் கீழே இருந்த நூலகச் செய்தியிலிருந்து தொடர்ந்தேன். அவ்வளவுதான். அவன் இழுத்ததால் இடம் தவறிப்போனது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மறுநாள் கீழ்க்கணக்கில் வாசிக்கும்போது அவன் என் இடுப்பில் இல்லை, பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். அங்கேயும் நான் அதை விட்டேன். கீழே வாசித்தால் பொழுது சாய்வதற்குள் மேலே போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த அமர்வு வந்தது. ஒரு ஆட்சேபனையும் வரவில்லை என்று பதிந்துகொண்டார்கள்.

அத்திவாரத்துக்குக் கயிறு கட்டியபிறகுதான் மேற்கணக்குக்குச் செய்தி போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுப் பேர் எங்கள் லயக் காம்பரா வீட்டுக்கு இறங்கி வந்தார்கள். நான் எல்லோருக்கும் பாலில்லாத சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர்களில் வயதில் மூத்த ஒருவர், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், சுற்றி வளைக்காமல் கேட்டார். இது எப்போது முடிவானது, ஏன் தங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, நீங்கள் அதை வாசித்தமாதிரி நினைவில்லையே என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பெண் பேசினாள். கொழுந்து எடுப்பவள், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். நான்கு வயது மகள் இருக்கிறாள். நான் வாசிக்கும்போதெல்லாம் கூடையை இறக்கி வைத்துவிட்டு முன்வரிசையில் நின்று கேட்பவள்.

"வாசிச்சிருப்பாங்கண்ணே. டீச்சர் ஒரு எழுத்த விடமாட்டாங்க. அன்னிக்கு மகளுக்குக் காய்ச்சல்னு நான் பாதியிலதான் வந்தேன். நாமதான் காதுல வாங்கல."

"அப்ப அத்தன பேருக்கும் ஒரே நாள்ல காது அடைச்சிருச்சா?" என்றார் அவர்.

"உங்களுக்கு எப்பவுமே அடைப்புத்தானே" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். அடைத்த காதாக இருந்தாலும் டீச்சர் சொன்னால் கேட்டிருக்கும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு சாயத்தைக் குடித்தார்.

சொல்வதற்கு அந்த இடத்தைவிட நல்ல இடம் எனக்கு இனிக் கிடைக்காது. நான் சொன்னது, "பார்க்கிறேன்" என்ற ஒரு வார்த்தைதான். என்னை நம்பியதால் அவர்கள் தங்கள் காதைச் சந்தேகித்தார்கள். தங்கள் மறதியைத் திட்டிக்கொண்டே மலை ஏறிப் போனார்கள். கதவருகே நின்று அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை பார்த்தேன். ஓடிப்போய்க் கூப்பிட நேரம் இருந்தது.

முன்பள்ளி திறந்தது. மகன் முதல் நாள் அழுதான், இரண்டாம் நாளிலிருந்து என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடுகிறான். அந்தப் பெண்ணும் மகளைக் கொண்டுவந்தாள். மூன்று வாரம் தூக்கிக்கொண்டு இறங்கினாள். பிறகு மழை பிடித்தது. பிள்ளையின் கால் முழுக்க அட்டை. அவள் மறுபடி ஏறி மலைக்குப் போய்ச் சேர்வதற்குள் நேரம் ஆகிவிடும், அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது பாதிநாள் வேலைதான். பிள்ளையை நிறுத்திவிட்டாள். அது இப்போது மேற்கணக்குப் பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறது. என் மகன் நிறங்களின் பேர் சொல்கிறான். அவன் சொல்லும் ஒவ்வொரு நிறத்துக்கும் நான் கைதட்டுகிறேன், தட்டும்போதே கூசுகிறது.

சென்ற மாதம் அவள் என்னைத் தேடி வந்தாள். கையில் தகவல் கேட்கும் படிவம். அரசாங்க அலுவலகத்தில் நடந்ததை யாரும் எழுதிக் கேட்கலாம் என்ற சட்டத்தைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான், ஒரு பெரட்டில். நிரப்பித் தரச் சொன்னாள். என்ன கேட்கவேண்டும் என்றேன்.

"எந்தத் தேதியில முடிவாச்சு, எப்ப வரைக்கும் எழுதிக் குடுத்திருக்கலாம்னு கேளுங்க டீச்சர். யாரையும் பிடிக்கிறதுக்கு இல்ல. நான் எந்த நாளு அசந்துட்டேன்னு தெரிஞ்சா, அடுத்த தடவ அசர மாட்டேன்."

நான் எழுதினேன். முடிவின் முழுப் பத்தியின் பிரதியும் வேண்டும் என்று நானாகவே ஒரு வரி சேர்த்தேன். பதில் தமிழில் வேண்டும் என்றும் எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். மலையை விட்டு வரமுடியாது, நீங்களே கொடுத்துவிடுங்கள் என்றாள். அந்தப் படிவம் பதினொரு நாள் என் பையில் இருந்தது. அதற்குள் இரண்டு தடவை சபைக்குப் போய்வந்தேன். ஒரு தடவை படிவம் வாங்கும் அறையின் வாசல் வரை போய், மகனுக்கு மருந்து வாங்க மறந்துவிட்டேன் என்று திரும்பினேன். மருந்து வாங்கவேண்டியது உண்மைதான். அலுவலகம் மூடும்வரை கடை மூடாது என்பதும் உண்மை.

பன்னிரண்டாம் நாள் கொடுத்தேன். வாங்கிக்கொண்ட அலுவலர் படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அன்னைக்கு நீங்க உள்ளதானே இருந்தீங்க, மெம்பர்? உங்ககிட்டயே கேட்டிருக்கலாமே அவங்க" என்றார். நான் பற்றுச்சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளிப்படையாக இருப்பது தவறு செய்கிற மற்றவர்களுக்கான மருந்து என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வாசிக்கிறவளை யார் வாசிப்பது என்று யோசித்ததே இல்லை. என் கொள்கை பிழை என்று இப்போதும் எனக்குத் தோன்றவில்லை. அதைப் பிடித்திருந்த கை பிழை.

சனிக்கிழமை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், கட்டடம் இனி மேலே ஏறப்போவதில்லை, சொல்லி யாருக்கு என்ன பிரயோசனம் என்றார். பிறகு, ஆனால் பதில் கடிதத்தில் உன் பெயர் இருக்குமே என்றார். இருக்கும். வழிமொழிந்தவர் என்று.

கடிதம் வருமுன் நான் சொல்லிவிடவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எப்படி என்பதில்தான் தடுமாறுகிறேன். மேற்கணக்குப் பெரட்டில் எல்லோர் முன்னாலும் அந்தப் பத்தியை வாசித்து, இதை மறைத்தது நான் என்று சொல்வதுதான் நான் இதுவரை பேசியதற்கு நேர்மையானது. ஆனால் எனக்காகத் தன் ஆட்களிடம் வாதாடியவள் அங்கே முன்வரிசையில் நிற்பாள். முன்கூட்டிச் சொல்லாமல் அதைச் செய்தால் அவளை எல்லோர் முன்னாலும் ஏமாளியாக்குவேன். முதலில் அவளிடம் தனியாகச் சொன்னால், "விடுங்க டீச்சர், இனி எதுக்கு" என்று அவள் சொல்லிவிடுவாள். அவள் சுபாவம் எனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் நான் ஆறுதலோடு விட்டுவிடுவேன் என்றும் எனக்குத் தெரியும். அதுதான் என் பயம். மகனை அந்த முன்பள்ளியிலிருந்து நிறுத்தலாமா என்றும் யோசித்தேன். அது அவளுடைய பிள்ளைக்கு ஒன்றையும் தராது, என் மனச்சாட்சிக்கு ஒரு சாக்கு மட்டும் தரும்.

இதை வாசிப்பவர்களில் பிள்ளை வளர்ப்பவர்கள் இருப்பீர்கள், பொதுக்காரியத்தில் இருந்தவர்களும் இருப்பீர்கள். முதலில் அவளிடம் போகவேண்டுமா, பெரட்டுக்கா? மேற்கணக்குப் பிள்ளைகளுக்காக நான் அடுத்த அமர்வில் ஏதாவது கேட்டால், உறுப்பினராக இருந்துகொண்டு கேட்க எனக்கு முகம் இருக்கிறதா, அல்லது விலகிவிட்டுத்தான் கேட்கவேண்டுமா? என் மனம் எனக்கு வசதியான பக்கமே சாய்கிறது என்பதால் அதைக் கேட்க நான் அஞ்சுகிறேன். நீங்கள் சொல்லுங்கள்.