வெங்காய அறையிலிருந்து ஒரு நீல வயர்

எங்கள் வீட்டின் முதலாவது கணினியை இயக்கினால், பின்புறத்திலிருந்து வரும் சூடான காற்றோடு வெங்காய மணமும் வரும். சில நாட்களில் ஒன்றிரண்டு செந்நிறச் சருகுகள் பறந்துவந்து அம்மாவின் மடியில் விழும். உரும்பிராயில் தோட்டம் செய்கிற எங்கள் வீட்டில், மழைக்கு ஒழுகாததும் பூட்டுப் போடக்கூடியதுமான ஒரே அறை வெங்காயப் பிடிகளைக் கட்டித் தொங்கவிடும் அறைதான் என்பதால் கணினியையும் அங்கேயே வைத்திருந்தோம். இதைச் சொன்னால் இன்றைக்கும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அந்தப் பெட்டியிலிருந்துதான் ஊரில் பாதிப்பேரின் 'கல்வெட்டு' அச்சுக்குப் போனது.

இறந்தவரின் முப்பத்தோராம் நாளன்று வந்தவர்களின் கையில் கொடுக்கும் சிறு நினைவுப் புத்தகத்தைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்பார்கள். முன்னால் தேவாரம், நடுவில் அவர் வாழ்ந்த கதை, கடைசியில் வம்சாவளி. அதைத் தட்டச்சுச் செய்வதில் என் அம்மாவை மிஞ்ச ஆளில்லை. "கலியாண வீட்டிலை சோறு குறைஞ்சால் ஒரு கிழமைக்குக் கோவிப்பினம். கல்வெட்டிலை பேர் விடுபட்டால் சாகுமட்டும் முகம் பாக்கமாட்டினம்" என்று சொல்லிச் சொல்லியே, ஒவ்வொரு பெயரையும் விரல் வைத்து மூன்று தரம் சரிபார்ப்பார்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அடுத்த ஒழுங்கையில் இருந்த தம்பையா மாஸ்ரர் காலமானார். நாலு நாடுகளில் சிதறிக்கிடந்த அவருடைய பிள்ளைகளிடம் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு இரண்டு கிழமையாக அம்மா அந்தக் கல்வெட்டை அடித்து முடித்திருந்தார். அச்சகத்துக்குக் கொடுக்க மூன்று நாள் இருக்கையில், வழக்கம்போலப் பிளொப்பியைச் செருகினால், பெட்டி அதை விழுங்கி உறுமியதே தவிர எதையும் பதியவில்லை. அக்கா டோர்ச் அடித்துப் பார்த்து, உள்ளே சிக்கியிருந்த வெங்காயச் சருகை ஊசியால் கிளறி எடுத்தார். சருகு வந்தது, பிளொப்பி வேலை செய்யவில்லை.

முன் அறையில் இன்னொரு பழைய கணினி இருந்தது. கொழும்பு மாமா தான் வேலை செய்யும் கந்தோரில் கழித்ததை அனுப்பியிருந்தார். அதில் சீடி எழுதலாம். ஆனால் அம்மாவின் பெட்டியை ஒருமுறை அறை கூட்டுவதற்காக நகர்த்தியதில் அது எழும்ப இரண்டு நாள் எடுத்திருந்தது. அன்றிலிருந்து அப்பா, "வெங்காயத்தை வேணுமெண்டால் இறக்குவம், உந்தப் பெட்டியை மட்டும் அசைக்காதையுங்கோ" என்று கட்டளை போட்டிருந்தார். மாமாவின் பெட்டியை உள்ளே கொண்டுவரலாமென்றால், அதுவும் சருகு தின்னத் தொடங்கிவிடும் என்று அம்மா விடவில்லை.

அப்போதுதான் பதினேழு வயது அக்கா, இரண்டையும் இருந்த இடத்திலேயே விட்டு நீள வயரால் இணைக்கலாம் என்றார். பாத்தி பிடிக்கும் கயிற்றை எடுத்து, வெங்காய அறை யன்னலிலிருந்து கூரைத் தாழ்வாரம் வழியாக முன் அறை யன்னல்வரை இழுத்து அளந்து, முடிச்சுப் போட்டு, அந்தக் கயிற்றையே சைக்கிளில் வைத்துக்கொண்டு யாழ்ப்பாணம் ரவுணுக்குப் போய் அதே நீளத்துக்கு நீல வயர் வாங்கிவந்தார். மாட்டினோம். பின்னேரம் முழுக்கப் பார்த்தும் ஒரு பெட்டிக்கு மற்றப் பெட்டி இருப்பதே தெரியவில்லை.

நானாக இருந்தால் வயரைத் தூக்கி எறிந்திருப்பேன். அக்கா, "என்னத்துக்கெண்டு சொல்லி வாங்காதது என்ரை பிழை" என்று மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் திரும்பவும் நாலைந்து மைல் மிதித்தார். இரண்டு கணினிகளை நேருக்கு நேர் இணைப்பதென்றால் ஒரு முனையில் உள்ளிருக்கும் கம்பிகளை இடம் மாற்றிப் பூட்டவேண்டுமாம். கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருந்தார். பிறகு இரண்டு பெட்டிக்கும் அக்கா இலக்கம் கொடுத்தார். கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த வீடுகள்போல என்று எனக்கு விளங்கப்படுத்தினார். எவ்வளவு கெட்டிக்காரி என்று நான் வாய் பிளந்து நின்றேன். இப்போதும் அந்த எண்ணம் மாறவில்லை.

அச்சகத்துக்குப் போகவேண்டிய நாள் காலை, முன் அறைத் திரையில் அம்மாவின் கோப்புகள் வரிசையாக வந்து நின்றன. எல்லாம் செத்தவர்களின் பெயர்கள், ஆங்கில எழுத்தில். மாஸ்ரரின் பெயரை அக்கா பிடித்து இழுத்துவிட, நீலக் கோடு ஊர்ந்து ஊர்ந்து நிரம்பியது. மற்றப் பெயர்களை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு போன நான் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். பரமேஸ்வரி. என் அம்மாவின் பெயர்.

அழுதுகொண்டு வெங்காய அறைக்கு ஓடினேன். அம்மா வயர் செருகிய இடத்தைக் கையால் பொத்திப் பிடித்தபடி, மாஸ்ரர் போய்ச் சேர்ந்திட்டாரோ என்று கேட்டார். நான் விக்கி விக்கிச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்தது.

"ஊருக்கெல்லாம் நான் அடிக்கிறன். என்ரையை ஆர் பிழையில்லாமல் அடிக்கப்போகினம்? அதுதான் அடிச்சு வைச்சிருக்கிறன். திகதியை மட்டும் விட்டிருக்கிறன், பயப்பிடாதை."

மாஸ்ரரின் கல்வெட்டு நேரத்துக்கு வந்தது. கனடாவிலிருந்து வந்த மூத்த மகன் வம்சாவளியை விரலால் தொட்டுத் தொட்டு இறங்கி, ஒரு பெயரும் விடுபடவில்லை என்று கண்டு, அம்மாவைக் கும்பிட்டார். அம்மா அக்காவைக் காட்டினார்.

இப்போது அந்த அறையில் வெங்காயமும் இல்லை, பெட்டியும் இல்லை. நீல வயரை அப்பா உடுப்புக் காயப்போடும் கொடியாக்க, வெயிலில் அது வெளிறி அறுந்தும் போய்விட்டது. அக்கா கலியாணம் முடித்து இணுவிலில் இருக்கிறார். அம்மாவின் கோப்பு மட்டும் பெட்டிக்குப் பெட்டி மாறி, இன்று என் கைத்தொலைபேசியில் இருக்கிறது. போன மாதம் எனக்கு மகள் பிறந்தபோது, எழுபது வயது அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்த்த கையோடு பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு, என்னைக் கொண்டே வம்சாவளியில் சேர்ப்பித்தார். மூன்று தரம் சரிபார்த்தார். பிறகு மேலே தள்ளி முதற் பக்கத்தைப் பார்த்தேன். திகதிக்கு விட்ட இடம் அப்படியே வெறுமையாக இருந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோசமாக இருந்தது.