மேசை விளக்குகளில் குறை கண்டவர்

டீச்சர் ஒரு மேசை விளக்கு வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் எளிமையானது. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் அவர் விடைத்தாள் திருத்துவார். கூரை விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. குனிந்தால் தலையின் நிழல் தாளின் மேல் விழுந்தது.

“என் தலையே எனக்கு மறைக்குதுங்க. ஒரு டேபிள் லேம்ப் வாங்கிட்டு வந்துடறேன்.”

பள்ளியிலிருந்து வரும் வழியில் ஏதாவது ஒரு கடையில் நுழைந்து பத்து நிமிடத்தில் வாங்கியிருப்பார். கணவரிடம் முன்கூட்டியே சொன்னதுதான் அவர் செய்த பிழை.

“நீ வாங்காதே. இது வெளிச்சம் சம்பந்தப்பட்ட விஷயம். நான் பாத்துக்கறேன்.”

அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதில் நியாயம் இருந்தது. துணிக்குச் சாயமேற்றும் ஆலையில் முப்பத்தொரு ஆண்டுகளாக நிறம் பார்ப்பதுதான் அவர் வேலை. வாங்குபவர் அனுப்பிய மாதிரித் துணியையும் ஆலையில் சாயமேறிய துணியையும் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் ஒட்டி வைத்து, பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பார். மூன்றிலும் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் லாரி கிளம்பும். நிறத்தை அளக்க ஓர் இயந்திரமும் உண்டு. அது ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண் சரிதானா என்று அவரிடம் கேட்பார்கள். ஆலையில் அவருக்குக் ‘கண்ணு சார்’ என்று பெயர். நேரிலும் அப்படியே கூப்பிட்டார்கள், அவரும் ஆட்சேபிக்கவில்லை.

சென்ற மாதம் அவர் கையெழுத்துப் போட்ட கருநீலத் துணி ஒரு லாரி திரும்பி வந்தது. நிறம் பொருந்தவில்லை என்று வாங்கியவர் எழுதியிருந்தார்.

“அவங்க ஆபீஸ்ல டியூப் லைட் மட்டமா இருக்கும்,” என்றார் கண்ணு சார்.

எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். அவரும் ஏற்றுக்கொள்ளத்தான் முயன்றார், முழுதாக முடியவில்லை. வருடாந்தரக் கண் சோதனைக்குப் பத்து நாள் இருந்தது. எண்பத்தைந்து வண்ண வில்லைகளைக் கலைத்துக் கொடுப்பார்கள், நிறம் மாறும் வரிசையில் அடுக்க வேண்டும். அவருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஓர் ஆண்டு அடுக்கத் தவறினார். அவரைக் கிடங்கில் நல்ல மேசையும் மின்விசிறியும் போட்டு உட்கார வைத்தார்கள். சம்பளத்தைக் குறைக்கவில்லை. அவரிடம் எதையும் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

இந்த நிலையில்தான் வீட்டுக்கு மேசை விளக்குத் தேடும் பொறுப்பு அவரிடம் வந்தது. வெளிச்சத்தின் மேல் குற்றம் இருக்க முடியும் என்பதை நிறுவ அவருக்கு அப்போது ஒரு வாய்ப்புத் தேவைப்பட்டது.

அவர் சட்டைப் பையில் ஓர் உறை இருக்கும். அதற்குள் நீலச் சாம்பல் நிறத்தில் இரண்டு துணித் துண்டுகள். வேறு வேறு சாயங்களைக் கலந்து, ஒரே நிறம் வரும்படி செய்தவை. நல்ல வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும். மட்டமான வெளிச்சத்தில் ஒன்று பச்சைப் பக்கம் சாயும். விளக்குகளைச் சோதிக்க ஆலையில் வைத்திருப்பது. வீட்டுக்கு வந்த ஒவ்வொரு விளக்கும் இந்தச் சோதனைக்கு உட்பட்டது.

முதலில் வந்தது காளான் வடிவம். தொட்டால் எரியும், மறுபடி தொட்டால் மங்கும். “நீலத்தை அழுக்காக்குது,” என்று அடுத்த நாள் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவதில் வெளிச்சத்தை மூன்று விதமாக மாற்றலாம். “மூணும் தப்பு,” என்றார். மூன்றாவதன் அடியில் கைப்பேசியை வைத்தால் சார்ஜ் ஏறும். விளக்கு வேலையைத் தவிர மற்றதெல்லாம் செய்கிறது என்று அதையும் கட்டி அனுப்பினார்.

இதற்கிடையில் டீச்சர் சமையலறைக்கு இடம் மாறியிருந்தார். அடுப்புக்கு மேலே இருந்த புகைபோக்கியில் ஒரு சின்ன விளக்கு உண்டு. அதன் கீழே நின்றுகொண்டே ஒன்பதாம் வகுப்பு அறிவியலைத் திருத்தினார். தாள்களில் தாளித்த வாசனை ஏறிவிட்டது.

“நீலம் எப்படித் தெரிஞ்சா எனக்கென்னங்க? நான் திருத்தறது சிவப்பு மையில.”

“பிள்ளைங்க எழுதறது நீல மையில இல்லையா?”

“அவங்க எழுதியிருக்கறதுக்கு அது தெரியாம இருக்கறதே நல்லது.”

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் புடவை மாற்றிக்கொண்டு, செருப்பையும் போட்டுக்கொண்டு வந்து, “கிளம்புங்க, இன்னைக்கு விளக்கோடதான் திரும்பி வரணும்,” என்றார்.

கடையில் சுவர் முழுக்க விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கண்ணு சார் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாக ஏற்றச் சொன்னார். ஒவ்வொன்றின் கீழும் துண்டுகளை வைத்தார், தலையைச் சாய்த்தார், உதட்டைப் பிதுக்கினார். ஏழாவது விளக்கில் கடைக்காரருக்குப் பொறுமை போனது.

“சார் எந்த டிபார்ட்மென்ட்?” என்று டீச்சரிடம் மெதுவாகக் கேட்டார்.

“குறை கண்டுபிடிக்கிற டிபார்ட்மென்ட்.”

“இது எங்ககிட்ட நல்லாப் போற மாடல் மேடம். கழுத்தை எப்படி வேணாலும் வளைக்கலாம். கண்ணு கூசாது.”

டீச்சர் கழுத்தை வளைத்துப் பார்த்தார். வளைத்த இடத்தில் அது நின்றது. “இது எனக்குப் பிடிச்சிருக்குங்க,” என்றார்.

“இங்க வா. இந்த ரெண்டையும் பாரு. எப்படித் தெரியுது?”

“ஒண்ணாத்தான் தெரியுது.”

“உனக்குப் பழக்கமில்ல. இடது பக்கம் பச்சை அடிக்குது பாரு.”

டீச்சர் பார்த்தார். கடைக்காரரையும் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். பச்சை இருப்பதாகச் சொன்னால் வியாபாரம் முடியுமா, இல்லை என்று சொன்னால் முடியுமா என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, “ஒரே துணிதானே சார்?” என்றார் அவர்.

“ரெண்டு பேரும் வெளிய வாங்க. ஒண்ணாத் தெரியறதுன்னா என்னன்னு காட்டறேன்,” என்றார் கண்ணு சார்.

வெயில் நேராகப் படாத இடமாகப் பார்த்து, கடையின் வடக்குச் சுவரோரம் நின்றுகொண்டார். நிறம் பார்க்க அதைவிட நல்ல வெளிச்சம் எந்தப் பெட்டியிலும் கிடையாது என்று அவரே புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லுவார். உள்ளங்கையில் துண்டுகளை ஒட்டி வைத்தார். இடது துண்டு பச்சை அடித்தது.

துண்டுகளை இடம் மாற்றினார். பச்சையும் கூடவே இடம் மாறியது.

“ஒண்ணாத்தாங்க இருக்கு,” என்றார் டீச்சர்.

கண்ணு சார் துண்டுகளை உறைக்குள் போட்டார். பிறகு, “வெளிச்சம் சரியில்ல,” என்றார்.

கடைக்காரர் மரியாதைக்காக அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை.

டீச்சர் அண்ணாந்து பார்க்கவில்லை. கணவரைப் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம், “அந்த வளைகழுத்தையே கட்டிக் குடுங்க. நாங்க வர்றோம்,” என்று சொல்லி அவரை உள்ளே அனுப்பினார்.

“எத்தனை நாளா இப்படி?”

“தெரியல. மஞ்சக் கண்ணாடியைப் போட்டுவிட்டா தெரியும். கண்ணே கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாயிட்டே வந்தா எப்படித் தெரியும்?”

“டாக்டர்கிட்ட போனாத் தெரியும்.”

“போன உடனே ஆலைக்கும் தெரியும்.”

நிறம் துணியில் மட்டும் இல்லை, பார்க்கிறவன் கண்ணிலும் பாதி இருக்கிறது என்று ஆலையில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கண்ணு சார். அந்தப் பாதி தன்னுடையது என்று மட்டும் அவருக்குத் தோன்றியதில்லை.

விளக்குப் பெட்டியை அவர்தான் தூக்கிவந்தார். வழியில் ஒரே ஒரு முறை பேசினார். “அந்தக் கருநீலத்துல தப்பு அவங்க டியூப் லைட்ல இல்ல,” என்றார்.

திங்கட்கிழமை காலை ஆலையில், சாம்பல் நிறப் பெட்டியின் விளக்கைப் போடாமல், நேராக மேலாளரின் அறைக்குப் போனார். தன் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்றார்.

“அதுக்கு இன்னும் நாலு நாள் இருக்கே, கண்ணு சார்.”

“நாலு நாள்ல இருபது லாரி என் கையெழுத்துல போயிடும்.”

மேலாளர் சிரித்தார். எதிரே இருந்தவர் சிரிக்காததால் பிறகு நிறுத்திக்கொண்டார். வில்லைகள் வந்தன. சிவப்பையும் மஞ்சளையும் கண்ணு சார் பிசகாமல் அடுக்கினார். நீலத்திலிருந்து பச்சைக்குப் போகும் வரிசையில் பன்னிரண்டு வில்லைகள் இடம் தவறியிருந்தன. மேலாளர் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

“கண்புரையா இருந்தா எடுத்துடலாம் சார். எங்க மாமாவுக்கு எடுத்தாங்க. இப்போ நல்லாப் பாக்கறாரு.”

“அவரு என்ன வேலை?”

“ரிட்டயர்டு.”

“அப்படின்னா நல்லாத்தான் பாப்பாரு. மூணு மாசமா நான் பாஸ் பண்ண நீலம் எல்லாத்தையும் வேற ஒருத்தரை வெச்சு மறுபடி பாக்கச் சொல்லுங்க.”

“ஒரு லாரிதானே திரும்பி வந்தது? மத்தவங்க யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

“சொல்லாதவங்க கண்ணு எப்படின்னு நமக்குத் தெரியாதே.”

வியாழக்கிழமைக்கு மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்கினார். அதுவரை கையெழுத்துப் போடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தார். கிடங்குக்குத் தற்காலிகமாகப் போகலாமா என்று மேலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, மின்விசிறி ஓடுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது டீச்சர் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பியிருந்தார். விளக்கின் கழுத்தைத் தாளுக்கு மேலே வளைத்து வைத்திருந்தார். கண்ணு சார் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார். பன்னிரண்டு வில்லை என்பதையும் சொன்னார். டீச்சர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“வியாழக்கிழமை நான் லீவு போடறேன்,” என்றார்.

“சரி.”

பிறகு கண்ணு சார் கேட்டார்: “வெளிச்சம் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க.”

எந்த வகையில் நல்லா இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.